ஆடி மாதத்து ஜோடி

ஆடி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சியில் கல்யாண மண்டபங்கள் பூட்டிக் கிடக்கும். செந்தமிழ்ச்செல்வியும் சும்மா கிடப்பாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, செல்போன் கடை மாடியில் திருமணத் தகவல் மையம் நடத்துகிறவள் அவள். ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். தியாகதுருகத்திலிருந்து சின்னசேலம் வரைக்கும் எந்த வீட்டுப் பையன் குடிப்பான், எந்த மாமியாருக்கு வாய் நீளம், எந்தப் பங்காளிகள் ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தெரிந்ததில் பாதியைச் சொல்லி மீதியை விழுங்குவதால்தான் ஊர் அவளை மதித்தது. பெரியவர் சிறியவர் பார்க்காமல் பாதி ஊருக்கு அவள் அக்காதான்.

அப்படி அவள் ஈ ஓட்டிக்கொண்டிருந்த ஓர் ஆடி மாதத்தில்தான் மாயவன் மாடியேறி வந்தான். கேபிள் டிவி நடத்திக் கொழித்தவன். ஆளுக்கொரு போன் வந்ததும் கேபிள் படுத்துவிட, யூடியூப் சேனலுக்கு மாறியிருந்தான். ஆடியிலும் மார்கழியிலும் காலியாகக் கிடக்கும் மண்டபத்தில் கம்பிவலைக் கூண்டு ஒன்றைக் கட்டி, அதற்குள் இரண்டு பேரை விட்டு நேரலையாகக் காட்டுவான். குத்தலாம், உதைக்கலாம், கீழே தள்ளி மேலே ஏறி அமுக்கலாம். எம்.எம்.ஏ. என்று பெயர்.

“நல்லாத்தான் அடிச்சிக்கிறானுங்கக்கா. போன தபா ஒருத்தன் பல்லு பறந்து வந்து என் மடியில வுழுந்துச்சி. ஆனா பாக்குறவன் அர நிமிசம் பாத்துட்டு அடுத்ததுக்குத் தள்ளிக்கினு போயிடறான். இன்னாத்துக்குன்னே புரியல.”

“யாருடா அடிச்சிக்கினது?”

“ஒருத்தன் பெங்களூரு. ஒருத்தன் மணிப்பூரு.”

செல்வி சிரித்துவிட்டாள். “நம்மூருல சாவு போனாக்கூட யாரு வூட்டு சாவுன்னு கேட்டுக்கினுதான் எட்டிப் பாப்பாங்க. ஊரு பேரு தெரியாதவன் பல்லு வுழுந்தா இவங்களுக்கு இன்னா?”

மாயவன் எதிரில் இருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அன்றைக்கு உட்கார்ந்தவன்தான். அதற்கப்புறம் அவன் கூண்டுக்குள் கடைசியாக யார் யாரோடு மோத வேண்டும் என்று முடிவு செய்தது செல்விதான்.

அவளுக்குச் சண்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. முதல் ஜோடியில் ஒருவன் ஒட்டடைக்குச்சி, ஒருவன் அண்டா என்று இருக்க வேண்டும். சீக்கிரம் முடிந்து, பார்க்கிறவன் கட்டைவிரல் அசையாமல் நிற்க வேண்டும். அடுத்தது பெண்கள். கல்லூரியில் ஜூடோ படித்த கோகிலவாணி மாதிரி யாராவது இறங்கினால் வீட்டுப் பெண்களும் பார்ப்பார்கள். அதெல்லாம் மாயவனே கண்டுபிடித்தது. கடைசி ஜோடிதான் செல்வியின் கைவரிசை. அதில் சொந்தக்காரர்களை மோதவிடுவாள். பங்கு பிரித்ததில் பேச்சுவார்த்தை நின்றுபோன சித்தப்பன் பெரியப்பன் பிள்ளைகள், கோயில் முதல் மரியாதையில் முறைத்துக்கொண்ட மாமன் மச்சான் வகையறா. அந்த ஜோடிக்கு இரண்டு பக்கத்துச் சொந்தமும் வேன் வைத்து வரும். வர முடியாதது சிங்கப்பூரிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் போனில் பார்க்கும்.

“வேற வேற சாதி ஆளுங்கள மோத வுட்டா பஸ்ஸு எரியும்டா மாயவா. சொந்தத்துக்குள்ள மோத வுட்டா டிக்கெட்டு போவும். அவங்க சண்ட அவங்களோட முடிஞ்சிடும்,” என்றாள். அதைப் பெரிய தர்மம் போலத்தான் சொன்னாள். அவள் அதை நம்பவும் செய்தாள், பாவம்.

இந்த வருஷத்து ஆடிக்குக் கடைசி ஜோடியாக அவள் சொன்னது தமிழ்வேந்தனையும் சரத்குமாரையும்.

கச்சிராயபாளையத்தில் கரும்பு வைத்திருக்கும் குடும்பம் சரத்குமாருடையது. தமிழ்வேந்தனுக்குத் தியாகதுருகம் பக்கம். அப்பா இல்லை. அம்மா கொளஞ்சியம்மாள், தங்கை மலர்விழி. மரவள்ளி போட்டிருக்கும் கொஞ்சம் நிலம். போன வருஷம் சரத்துக்கும் மலர்விழிக்கும் சம்பந்தம் பேசி நிச்சயம் வரை கொண்டுவந்தவள் செல்வியேதான். தாம்பூலத் தட்டு மாற்றும் நேரத்தில் சரத்தின் தாய்மாமன் பின்பக்கம் பீடி குடிக்கப் போயிருந்தார். நல்ல நேரம் போகிறதே என்று தட்டை வேறொருவர் கையில் கொடுத்துவிட்டார்கள். தாய்மாமன் திரும்பி வந்து வேட்டியை மடித்துக் கட்டினார். பந்தியில் இலை போட்டிருந்தது, யாரும் உட்காரவில்லை. சாம்பார் வாளி மட்டும் பறந்தது. அத்தோடு சம்பந்தம் முறிந்தது. பெண்ணை வேண்டாமென்று விட்டுப் போன குடும்பம் என்று தமிழ்வேந்தன் அதை மனதில் வைத்துக் கறுவிக்கொண்டிருந்தான். கபடி ஆடி இறுகிய உடம்பு அவனுக்கு. சரத் கல்லூரியில் மல்யுத்தம் பழகியவன். இதைவிட நல்ல ஜோடி எங்கே கிடைக்கும்?

அதோடு செல்வி நிற்கவில்லை. மலர்விழிக்குச் சின்னசேலத்தில் வேறொரு வரன் முடித்திருந்தாள். மாப்பிள்ளையின் அப்பா செல்லமுத்து, கௌரவமான மனிதர். ஆவணியில் முகூர்த்தம். அந்தப் புதுச் சம்பந்தியையும் குடும்பத்தோடு முதல் வரிசையில் உட்கார வைக்கலாம் என்று மாயவனுக்கு யோசனை சொன்னாள். பழைய சம்பந்தியும் புதுச் சம்பந்தியும் எதிரெதிரே. மாயவன் அவள் காலில் விழாத குறை. போஸ்டர் ஒட்டிய அன்றே டீக்கடைகளில் வேறு பேச்சில்லை. தமிழ்வேந்தன் கல்வராயன் மலை ரோட்டில் ஓடுவதை ட்ரோனில் எடுத்துப் போட்டார்கள். கோமுகி அணைக் கரையில் சரத் டிராக்டர் டயரைப் புரட்டுவதையும் போட்டார்கள்.

தமிழ்வேந்தனைப் பற்றிச் செல்விக்கு ஒரு விஷயம் தெரியும். தெரிந்துதான் ஜோடி சேர்த்தாள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு பெண் வீட்டை விசாரிக்க வெள்ளிமலை போய்த் திரும்பும்போது, மலை பஸ்ஸில் கொளஞ்சியம்மாளைப் பார்த்தாள். மடியில் பையன் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தான். கையில் பச்சிலைச் சாறு அடைத்த பாட்டில். கொளஞ்சியம்மாளுக்குப் பொய் சொல்ல வரவில்லை. பையனுக்கு வலிப்பு. கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரிக்குப் போனால் தெரிந்தவர்கள் யாராவது பார்ப்பார்கள். பார்த்தால் வலிப்புக் குடும்பம் என்று பேர் விழும். தொட்டிலில் கிடக்கும் பெண்ணை நாளைக்கு எவன் கட்டுவான்? அதனால் மலைமேல் வைத்தியம். பிறகு சேலத்தில் ஒரு டாக்டரிடம் ரகசியமாகக் காட்டி மாத்திரை எழுதி வாங்கினார்கள். மாத்திரை சாப்பிட்டால் வராது. பல வருஷமாக வரவும் இல்லை. செல்வி யாரிடமும் மூச்சு விடவில்லை. அது அவள் தொழில் தர்மம்.

கொளஞ்சியம்மாள் முதலில் மாட்டேன் என்றுதான் அடம்பிடித்தாள். செல்விதான் அவள் வாயை அடைத்தாள். “கபடி ஆடற புள்ள ஏன் வேணாங்கறான்னு நாலு பேரு கேப்பாங்க கொளஞ்சிக்கா. தோண்ட ஆரம்பிப்பாங்க. தோண்டுனா இன்னா வருமோ உனக்கே தெரியும்.”

சண்டைக்கு முந்தின நாள் எடை பார்த்தார்கள். மாயவன் அதையும் வேடிக்கையாக்கியிருந்தான். சின்னசேலத்து மக்காச்சோள மண்டியில் மூட்டை நிறுக்கும் தராசில் இரண்டு பேரையும் ஜட்டியோடு ஏற்றி நிறுத்தி, சுற்றிலும் கேமரா. சரத்தின் தாய்மாமன் மீசையை முறுக்கினார். கூட்டம் விசிலடித்தது. சரத்தின் எடைக்குச் சமமாக இறங்கப் பட்டினியும் தாகமுமாகக் கிடந்த தமிழ்வேந்தனின் உதடு வெடித்திருந்தது, கண் உள்ளே போயிருந்தது.

மூட்டை அடுக்குக்குப் பின்னால் கொளஞ்சியம்மாள் செல்வியின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“காலையில வந்துடுச்சி செல்வி.”

“இன்னா வந்துச்சி?”

“அதான்.” அந்தப் பேரை அவள் தன் வாழ்நாளில் வாய்விட்டுச் சொன்னதில்லை. “மாத்தர தின்னா தூக்கமா வருது, கை ஓட மாட்டேங்குதுன்னு நிறுத்திப்புட்டிருக்கான். எங்கிட்டயே சொல்லல. காலையில பல்லு வெளக்கிக்கினு இருந்தவன் அப்பிடியே சாஞ்சிட்டான்.”

செல்வி சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். “நிறுத்திடலாம்க்கா.”

“இன்னான்னு சொல்லி நிறுத்துவ?”

காய்ச்சல் என்றால் மாயவன் டாக்டரைக் கூட்டி வருவான். பயந்து ஓடிவிட்டான் என்று தாய்மாமன் ஊரெல்லாம் சொல்லுவார். செல்லமுத்து வீட்டில் ஏன் என்னவென்று கேட்பார்கள். அதற்குள் தமிழ்வேந்தனே சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டான். இரண்டு பேர் முகத்தையும் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

“அக்கா, நீ எதனா வாயத் தொறந்த, மலரு கல்யாணத்துக்கு நீதான் எமன். நாளைக்கு ஒருநா. அதோட இந்தக் கூண்டுப் பக்கமே வர மாட்டேன். சரத்த நாலு சாத்து சாத்தணும். அவ்ளோதான்.”

செல்வி சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு கேமரா பக்கம் நடந்தாள்.

மறுநாள் சாயங்காலம் மண்டபம் நிரம்பி வழிந்தது. மணமகள் அறையைத்தான் தமிழ்வேந்தனுக்குக் கொடுத்திருந்தார்கள். எந்தெந்தக் கல்யாணப் பெண்களோ ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டுகள் கண்ணாடி ஓரம் முழுக்க இருந்தன. அந்தக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார்ந்து அவன் கையில் துணி சுற்றிக்கொண்டிருந்தான். மாயவன் அழைத்து வந்திருந்த டாக்டர் பிரஷர் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார்.

“மயக்கம், வலிப்பு, ஹார்ட் பிரச்சனை, எதாவது இருக்கா?”

“ஒண்ணும் இல்லீங்க சார்,” என்றாள் கொளஞ்சியம்மாள். குரல் பிசிறியது.

டாக்டர் நிமிர்ந்து செல்வியைப் பார்த்தார். அவர் மகளுக்கும் செல்விதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்ல குடும்பம் சார்,” என்றாள் செல்வி. ஆயிரம் வீட்டில் சொல்லிப் பழகிய வார்த்தை, தானாக வந்தது. டாக்டர் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்தார்.

ஒட்டடைக்குச்சி அண்டாவைச் சாய்த்தான். கோகிலவாணி ஜெயித்தாள். கடைசி ஜோடி உள்ளே போனபோது மாயவன் போனைத் தூக்கிக் காட்டிச் செல்விக்கு ஜாடை செய்தான். அவன் சேனலில் அதுவரை அத்தனை பேர் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை. முதல் வரிசையில் ஒரு பக்கம் சரத் வீட்டார். இந்தப் பக்கம் செல்லமுத்து, அவர் மனைவி, மாப்பிள்ளை. அவர்களுக்குப் பக்கத்தில் செல்வி. அவளுக்கு அடுத்து கொளஞ்சியம்மாளும் மலர்விழியும்.

முதல் ரவுண்டில் தமிழ்வேந்தன் நன்றாகத்தான் ஆடினான். சரத்தின் மூக்கில் ரத்தம் பார்த்தான். செல்லமுத்து கூடக் கை தட்டினார். செல்விக்கு உயிர் வந்தது. நாமாகப் பயந்து செத்தோம், ஒன்றும் ஆகாது என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டாவது ரவுண்டு தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தமிழ்வேந்தன் சும்மா நின்றான். மண்டபத்துக் கூரையில் சுற்றும் கலர் லைட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு கையும் கீழே இறங்கின. வேண்டுமென்றே கையை விட்டுக் கேலி செய்கிறான் என்று நினைத்துக் கூட்டம் விசிலடித்தது. அவனுடைய இடது கைவிரல்கள் வெட்டி வெட்டி இழுப்பதைச் செல்வி பார்த்தாள். சரத் ஒரு நொடி தயங்கினான். வெளியிலிருந்து தாய்மாமன் “அடிடா!” என்று கத்தினார். சரத் அடித்தான்.

விழுந்தவனின் கால்கள் தரையை உதைத்தன, உடம்பு வில்லாக வளைந்தது. திமிறுகிறான், இன்னும் தெம்பு இருக்கிறது என்று நினைத்த ரெஃப்ரி நிறுத்தவில்லை. சரத் மேலே ஏறி உட்கார்ந்தான்.

மலர்விழி எழுந்துவிட்டாள். “அண்ணனுக்கு...” என்று ஆரம்பித்தவளைக் கொளஞ்சியம்மாள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தன் முந்தானையை உருட்டி மகள் வாயில் வைத்து அழுத்தினாள். அழுத்திக்கொண்டே செல்வியைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கெஞ்சலா கட்டளையா என்று செல்விக்குத் தெரியவில்லை. அவள் இடுப்பில் மையத்துப் பீரோச் சாவிக்கொத்து இருந்தது, நல்ல கனத்த இரும்பு. அவள் கை தானாக அதைப் பிடித்தது. வலிப்பு வந்தால் இரும்பைக் கையில் கொடுக்க வேண்டும் என்று இந்தப் பக்கத்தில் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“இன்னாங்க இது, பையனுக்கு இப்பிடி இழுக்குது?” என்றாள் செல்லமுத்துவின் மனைவி.

“அடி பலமா பட்டுடுச்சிங்க. அடி பட்டா அப்பிடித்தான் துடிக்கும்,” என்றாள் செல்வி.

இரும்பு ஒன்றும் செய்யாது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். செய்யாதுதான். ஆனால் சாவியைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி ஓடியிருந்தால் மண்டபம் முழுக்கப் புரிந்திருக்கும். ஓங்கிய கை நின்றிருக்கும். அவனைப் புரட்டிப் படுக்க வைத்திருப்பார்கள். தெரிந்த மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தியின் வாயில் துணி இருந்தது. மற்ற இருவருக்கும் அதுவும் இல்லை.

ரெஃப்ரி ஒருவழியாகச் சரத்தை இழுத்துவிட்டபோது தமிழ்வேந்தனின் உதைப்பு நின்றிருந்தது. ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகச் சொன்னார்கள். போகிற வழியிலேயே உயிர் போய்விட்டது. ஆறாத ஆத்திரத்தோடு சொல்ல வேண்டுமானால், அவனைக் கொன்றது நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிற பேச்சுதான். அதற்கு மாலை போட்டு வளர்த்தவர்களில் செல்வியும் ஒருத்தி.

கேஸ் போட்டார்கள். சம்மதக் கையெழுத்து இருந்தது, டாக்டர் கையெழுத்து இருந்தது. மண்டையில் அடிபட்டுச் சாவு என்று எழுதினார்கள். அந்த வீடியோவைக் கோடிக்கணக்கில் பார்த்தார்கள்.

காரியம் முடிந்து கொளஞ்சியம்மாள் மையத்துக்கு வந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

“அவன் போயிட்டான். இனிமே அவனுக்கு இன்னா இருந்துச்சின்னு யாருக்கும் தெரிய வேணாம் செல்வி. இருக்கறவ ஒருத்தியாச்சும் கரையேறட்டும்.”

“மலரு இன்னா சொல்லுது?”

“அது எங்கூட பேசறதில்ல.”

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.

அடுத்த வாரம் சரத்குமார் வந்தான். தாடி வளர்ந்து, ஆள் பாதியாகியிருந்தான். நாற்காலியில் உட்காராமல் வாசல் ஓரமாகவே நின்றான்.

“அக்கா, நான் அடிக்கறதுக்கு முன்னாடியே அவன் கண்ணு மேல சொருவிடுச்சி. நான் பாத்தேன். பாத்துட்டும் அடிச்சிட்டேன். யார்கிட்ட சொன்னாலும் தப்பிச்சிக்கப் பாக்கறான்றாங்க. மாமாகூட, வுடுடா, ஜெயிச்சல்லன்றாரு.” கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான். “எல்லார் வூட்டு சங்கதியும் உங்களுக்குத்தான் தெரியும். அவனுக்கு எதனா இருந்துச்சாக்கா? இருந்துச்சின்னு ஒரு வார்த்த சொல்லுங்க. யார்கிட்டயும் போயி சொல்ல மாட்டேன். நான் தூங்கணும், அதுக்குத்தான் கேக்கறேன்.”

ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. செல்வி அவனை நிமிர்ந்து பார்த்தாள். அவள் பெண் பார்த்துக் கொடுத்த பிள்ளை. நிச்சயத்தன்று சாம்பார் வாளி பறந்தபோது, குறுக்கே ஓடி மலர்விழியை ஒதுக்கி நிறுத்தியவனும் அவன்தான். சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

“ஒண்ணும் இல்லப்பா,” என்றாள். “நல்ல குடும்பம்.”

அவன் மெதுவாகத் தலையாட்டினான். “அப்ப நான்தான்.”

போனை எடுத்து அவளிடம் நீட்டினான். மார்கழிக்கு மாயவன் இப்போதே போஸ்டர் செய்து அனுப்பியிருந்தான். ரத்தச் சிவப்பு எழுத்தில் ‘ஒரே அடி சரத்குமார்’ என்று போட்டிருந்தது. எதிரில் இறங்கப்போவது யார் என்ற இடத்தில் கேள்விக்குறி. கீழே, தமிழ்வேந்தனின் பங்காளிகளே வருக என்று அழைப்பு.

“வேணவே வேணாம்னு சொல்லிக்கினு இருந்தேன். இனிமே இன்னாக்கா, கொலகாரன்னு ஆயிடுச்சி. அவன் வூட்டு ஆளு எவனாச்சும் வந்து என்ன அடிக்கட்டும். கையத் தூக்க மாட்டேன்.”

படியிறங்கிப் போனான். அவன் செருப்புச் சத்தம் அடங்குவதற்குள் செல்வியின் போன் அடித்தது. செல்லமுத்து.

“தப்பா எடுத்துக்காதம்மா. துள்ளத் துடிக்க சாவு வுழுந்த வூடு. எங்க வூட்ல பொம்பளைங்களுக்கு மனசு ஒப்பல. ஜோசியரும் வேணாங்கறாரு. அந்தப் பொண்ணுக்கு வேற எடம் பாத்துக்கோ.”

அவள் பதில் சொல்லுமுன் போன் வைக்கப்பட்டது. எதற்காக வாயை மூடினாளோ அது போய்விட்டது. எழுந்து பால்கனிக்கு ஓடினாள். கீழே சரத் வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தான். ஒரு குரல் கொடுத்தால் போதும், அண்ணாந்து பார்ப்பான். மேலே வா என்றால் வருவான்.

கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மலர்விழிக்கு இருபத்து நாலு வயதுதான் ஆகிறது. வருஷம் திரும்பட்டும், தூரத்தில், வேப்பூர் விருத்தாசலம் பக்கம் எங்காவது ஒரு வரன் பார்க்கலாம். அங்கிருந்தும் விசாரிக்க வருவார்கள். குடும்பம் எப்படி என்று இவளைத்தான் கேட்பார்கள்.

வண்டி ஸ்டார்ட் ஆகி கச்சிராயபாளையம் ரோட்டில் திரும்பியது. செல்வி கூப்பிடவில்லை.